மே மாதத்தில் திறந்திருந்த ஒரே பள்ளிக்கூடம்

நான் நடத்திய பள்ளிக்கூடத்தில் மொத்தம் ஒரே ஒரு மாணவி. அவளும் ஒரு நாள் டி.சி. கேட்டாள். இதை வெளியில் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் மனைவி ஸ்டெல்லா சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்வாள் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடம் என்பது சேலையூரில் எங்கள் வீட்டு ஹால். மாணவி என்பது எங்கள் மகள் ஜெனி. அப்போது அவளுக்குப் பத்து வயது. தலைமையாசிரியர், கணக்கு வாத்தியார், பி.டி. மாஸ்டர், மணி அடிக்கிற பியூன் எல்லாமே நான்தான். மூன்றாம் வகுப்போடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கலாம் என்று நானும் ஸ்டெல்லாவும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். ஸ்டெல்லா குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு வேலைக்குப் போகிறாள். நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். மிக்ஸி வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, 'பயன்படுத்தும் முன் கவனமாகப் படிக்கவும்' என்று போட்டு, அதை எழுதுகிறவன். (நீங்கள் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை, தெரியும். பரவாயில்லை.) உலகத்தில் ஒருத்தரும் படிக்காததையே பதினைந்து வருஷமாக எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, சொல்வதை உட்கார்ந்து கேட்டே ஆகவேண்டிய ஓர் ஆள் கிடைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

முதல் இரண்டு வருஷம் நன்றாகவே ஓடியது. வினை வந்தது ஏப்ரல் கடைசியில். தெருவிலிருந்த மற்ற பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டார்கள். காலை ஏழு மணிக்கே வாசலில் ஷட்டில் சத்தம். உள்ளே ஜெனி ஜன்னலைப் பார்த்தபடி பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நமக்கு எப்ப லீவு?"

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஓர் அறை விடத் தோன்றுகிறது.) "நம்ம ஸ்கூல்ல லீவே கிடையாதுடா கண்ணு. ரெண்டு மாசம் சும்மா இருந்தா படிச்சதெல்லாம் மறந்துபோயிடும்."

"ஸ்கூல்ல லீவு விடுறது பிள்ளைங்களுக்காக மட்டும்னு நினைச்சீங்களா?" என்று சமையலறையிலிருந்து ஸ்டெல்லா கேட்டாள். "கொஞ்ச நாளைக்கு வாத்தியார் மூஞ்சியப் பார்க்காம இருக்கவும்தான்."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மே முதல் வாரத்தில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜெனி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்பா, நான் ஸ்கூலுக்கே போறேன். அங்க லீவாவது விடுவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்டெல்லா மட்டும் நிதானமாக இருந்தாள். "ஜூன் பத்து வரைக்கும் பார்ப்போம். அப்பவும் அவ இதையே சொன்னா ஸ்கூல்ல சேர்த்துடலாம். படிக்கப்போறது அவ, அவளே சொல்லட்டும்" என்றாள். அதாவது என் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாதம்தான் ஆயுள்.

புத்தியுள்ள எவனும் அந்த இடத்திலேயே லீவு விட்டிருப்பான். நான் பாடத்தைச் சுவாரசியமாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். கழுதைக்குச் சறுக்கினால் பழமொழிகூடக் கிடையாது.

என் திட்டத்துக்குப் பெயர் களப்பணி. அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை ஓரமாக உள்ள ஒரு தெருவுக்குப் போவது. கரையிலிருந்து ஒவ்வொரு வீடும் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று அளப்பது. எல்லாம் அளந்த பிறகு, வெள்ளம் வந்தபோது எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேட்டு வரைபடம் போடுவது. கணக்கு, புவியியல், சமூக அறிவியல் மூன்றும் ஒரே கல்லில். கட்டட வேலை பார்க்கும் நண்பனிடம் முப்பது மீட்டர் டேப் இரவல் வாங்கினேன். இரண்டு தொப்பி, ஒரு கிளிப் வைத்த அட்டை, ஒரு டப்பா சாக்பீஸ். இதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். பிள்ளைக்கு ஓர் உற்சாகமாக இருக்கட்டுமே என்று இரண்டு அடையாள அட்டை அடித்து, நீலப் பட்டை கோர்த்து, ஆளுக்கொன்று கழுத்தில் மாட்டிக்கொண்டோம். என் அட்டையில் டை கட்டிய போட்டோ, அதன் கீழே 'கள ஆய்வாளர்'. அவளுடையதில் 'உதவிக் கள ஆய்வாளர்'.

கத்திரி வெயில். பத்து மணிக்குத் தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஆரம்பித்தோம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ள வேண்டிய சந்து அது. அளந்த வீட்டையே மறுபடி அளந்துவிடக்கூடாது என்பதற்காக, அளந்து முடித்ததும் ஜெனி சுவரில் சாக்பீஸால் நம்பர் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. (ஆமாம், என் யோசனைதான்.) பதினொரு மணிக்குப் பதினான்கு வீடு ஆகியிருந்தது. ஜெனியின் முகம் சிவந்து கன்றிப்போயிருந்தது. "அப்பா, தண்ணி" என்றாள். "இன்னும் ரெண்டே வீடு" என்றேன்.

அப்போதுதான் பதினான்காம் நம்பர் வீட்டுக் கதவு திறந்தது. நைட்டியின் மேல் துண்டு போட்ட ஓர் அம்மாள், கையில் மீன் அலசிய பாத்திரத்தோடு நின்றார். பெயர் சரசு அக்கா என்பது பிறகு தெரிந்தது.

"இன்னா சார், எங்க செவுத்துல இன்னாத்துக்கு நம்பரு போட்டுகினு வர்றே?"

"ஒண்ணுமில்லக்கா, சின்ன சர்வே. ஆத்துலேருந்து வீடெல்லாம் எவ்வளவு தூரம்னு பார்க்கிறோம்."

அந்தத் தெருவில் நின்றுகொண்டு ஒருவன் சொல்லவே கூடாதவை என்று ஒரு பட்டியல் போட்டால், இந்தப் பதிலை அப்படியே எடுத்து எழுதிவிடலாம்.

"எல்லாரும் வெளிய வாங்க! வூட்ட அளக்க ஆளு வந்துகீது!"

இரண்டே நிமிஷத்தில் முப்பது பேர். ஷேர் ஆட்டோ ஓட்டும் பாபு என்பவர் வந்த வேகத்தில் என் ஸ்கூட்டர் சாவியையும் டேப்பையும் பிடுங்கிக்கொண்டார். "போன தபா இதே மாதிரிதான் டேப்பு புடிச்சிகினு வந்தாங்க, நம்பரு போட்டாங்க. அப்பால இடிக்க வந்தாங்க, அந்தக் கடைசி வரிசை வூடே இல்ல சார், தெரியுமா?" என்றார். அதைக் கேட்டு சரசு அக்கா முந்தானைக்குப் பதில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. இத்தனை நேரம் நான் பதினான்கு குடும்பங்களின் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"ஐயையோ, நான் கவர்மென்ட் ஆளே இல்லண்ணா! ஸ்கூல் ப்ராஜெக்ட். இவ என் பொண்ணு."

"எந்த ஸ்கூலு?"

"வீட்டு ஸ்கூல்."

"மே மாசத்துல எந்த ஸ்கூலு தொறந்துகீது? யாரு காதுல பூ சுத்தறே?"

தமிழ்நாட்டில் மே மாதம் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொல்லி ஒருவரை நம்பவைப்பது, தீபாவளி ஆடி மாதம் வருகிறது என்று நம்பவைப்பது போலத்தான். பதற்றத்தில் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினேன். பாபு எழுத்துக்கூட்டிப் படித்தார்: "கள... ஆய்வாளர்." கூட்டம் ஒருமுறை 'ஓ' என்றது. யாரோ கவுன்சிலருக்குப் போன் போட்டார்கள்.

சரசு அக்காதான் குனிந்து ஜெனியைக் கேட்டார். "பாப்பா, நீ சொல்லு. இவரு யாரு?"

"எங்க அப்பா."

"இங்க இன்னா பண்றாரு?"

"எனக்குப் பாடம் நடத்துறாரு."

"லீவாச்சே, இப்ப இன்னா பாடம்?"

"எனக்கு லீவே கிடையாது ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு ஜெனி ஓவென்று அழ ஆரம்பித்தாள். நடிப்பில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை.

அதுவரை நான் வீட்டை இடிக்க வந்தவன். அந்த வினாடியிலிருந்து அதைவிடக் கேவலமானவன் ஆகிவிட்டேன். "அடப்பாவி மன்சா!" என்றது ஒரு குரல். ஜெனிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, நிழலில் போட்டார்கள். மோர் வந்தது. மிளகாய்த்தூள் தடவிய மாங்காய் பத்தை வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் வெயிலிலேயே நின்றேன். பாபுவின் மகள் திவ்யா, ஜெனி வயதுதான், நாற்காலியின் கையில் தொற்றி உட்கார்ந்து, "எங்க மிஸ்ஸே மே மாசம் ஊருக்குப் பூடும். உங்கப்பாக்கு ஊரு இல்லியா?" என்று கேட்டது. நியாயமான கேள்வி.

"எழுதிக் குடு" என்றார் சரசு அக்கா.

"என்னக்கா எழுதணும்?"

"கொயந்தைக்கு லீவு வுட்டுட்டேன்னு எழுதிக் குடு. அப்பால சாவியையும் டேப்பையும் வாங்கிகினு போ."

கிளிப் அட்டையிலிருந்த தாளிலேயே எழுதினேன். தொழில் புத்தி விடுமா? 'கோடை விடுமுறை குறித்துப் பரிசீலிக்கப்படும்' என்று எழுதி நீட்டினேன். சரசு அக்கா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "பரிசீலிக்கப்படுமா? ஆபீஸ்காரங்க இப்டித்தான் எழுதுவாங்க, அப்பால ஒண்ணும் நடக்காது. மாட்டேன்னு எழுது."

எழுதினேன். 'ஜூன் பத்தாம் தேதி வரை என் மகளுக்குப் பாடம் எடுக்க மாட்டேன்.' ஜெனி மூக்கை உறிஞ்சிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "பாடம் எடுக்கிற மாதிரி பேசவும் மாட்டேன்னு சேர்த்துக்கச் சொல்லுங்க ஆன்ட்டி." அதையும் சேர்த்தேன். சாட்சிக் கையெழுத்து சரசு அக்காவும் பாபுவும். பிறகு ஒரு பக்கெட் தண்ணீரும் பழைய துணியும் கொடுத்தார்கள். பதினான்கு வீட்டு நம்பரையும் நானே துடைத்தேன். ஒவ்வொரு வாசலிலும் மன்னிப்புக் கேட்டேன். அது மட்டும் அந்த நாளில் நான் செய்த உருப்படியான காரியம்.

கிளம்பும்போது சரசு அக்கா ஜெனியைக் கூப்பிட்டார். "பாப்பா, அளந்தியே, எங்க வூடு எவ்ளோ வந்துச்சு?"

ஜெனி நோட்டைப் பார்த்தாள். "நாப்பத்திரண்டு மீட்டர் ஆன்ட்டி."

"நாப்பத்திரண்டா? வந்தவங்கள்லாம் வாய்க்கு வந்தத சொல்லிட்டுப் போவாங்க. நாங்க எங்க டேப்புக்குப் போறது? அதைக் கொஞ்சம் எழுதிக் குடேன்."

உடனே ஆளாளுக்கு "எங்க வூடு?", "எங்க வூடு?" என்றார்கள். ஜெனி நாற்காலியில் ஏறி நின்று ஒவ்வொன்றாகப் படித்தாள். அப்படி ஒரு குரலில் அவள் எங்கள் ஹாலில் ஒரு நாளும் படித்ததில்லை. "எல்லார் வீட்டையும் போட்டு ஒரு மேப் வரைஞ்சு தரேன்" என்று வாக்கு வேறு கொடுத்தாள்.

"மேப்புன்னா முதல்ல ஸ்கேல்..." என்று நான் வாயைத் திறந்தேன்.

"சார்" என்றார் பாபு, "எழுதிக் குட்த்துகீறே."

வீட்டில் ஸ்டெல்லா அந்தத் தாளைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு எழுந்து போய் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

அடுத்த வாரம் ஜெனி காலை பத்து மணி வரை தூங்கினாள், ஷட்டில் ஆடினாள், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் அவளாகவே பெரிய சார்ட் தாளை ஹாலில் விரித்துவிட்டாள். ஸ்டெல்லா லீவு நாளில் அவளை அனகாபுத்தூருக்கு அழைத்துப் போவாள், பாபு சவாரி வரும்போது திவ்யாவை எங்கள் வீட்டில் இறக்கிவிடுவார். இரண்டும் தரையில் படுத்து வரைந்தன. நான் என் மேஜையில் உட்கார்ந்து கிரைண்டருக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். ஆறாம் நம்பர், பாபுவின் வீடு. கரையிலிருந்து ஒன்பது மீட்டர் என்று போட்டிருந்தது. முப்பது மீட்டர் டேப் ஒருமுறை முழுதாக ஓடி, அதற்கு மேல்தான் ஒன்பது. வரையும்போது முப்பதை விட்டுவிட்டார்கள்! என் நாக்கு துடித்தது. இருமினேன். தொண்டையைச் செருமினேன். "ஒன்பதா..." என்று காற்றில் முனகினேன். ஸ்டெல்லா ஃப்ரிட்ஜைக் காட்டினாள். அந்த இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள்.

மூன்றாம் நாள் வரைபடத்தோடு தெருவுக்குப் போனார்கள். நடந்ததை ஸ்டெல்லா வந்து சொன்னாள். தாளைத் தரையில் விரித்ததுமே திவ்யா கத்தியிருக்கிறாள். "அடியேய் ஜெனி, என் வூடு ஆத்துக்குள்ள வுழுந்துடும் போல கீதுடி!" பாபு எட்டிப் பார்த்து, "இனிமே எனக்குப் படகுதானா?" என்றாராம். தெருவே சிரித்திருக்கிறது. ஜெனியும் சிரித்திருக்கிறாள். சிரித்து முடித்துவிட்டு, தப்பு எப்படி வந்தது என்று இரண்டும் உட்கார்ந்து கண்டுபிடித்து, இனி எதையும் நம்பக்கூடாது என்று பதினான்கு வீட்டையும் அந்த இரவல் டேப்பாலேயே மறுபடி அளந்திருக்கிறார்கள். அந்த வெயிலில், யாரும் சொல்லாமல். நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் ஜெனி ஒன்பதை அழித்து முப்பத்தொன்பது என்று எழுதியிருப்பாள், அவ்வளவுதான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தபோது கொஞ்சம் வலித்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் பத்தும் வந்தது. இரவுச் சாப்பாட்டின்போது ஸ்டெல்லா கேட்டாள்: "சொல்லு ஜெனி. ஸ்கூலா, வீடா?"

நான் ரசத்தை எடுத்து மோர்ச் சோற்றில் ஊற்றிக்கொண்டேன்.

"வீட்டுலயே படிக்கிறேன்மா. ஆனா வருஷா வருஷம் மே மாசம் லீவு விடணும்."

"சரி, உனக்கு லீவு."

"எனக்கில்லம்மா. அப்பாவுக்கு."

இது நடந்து மூன்று வருஷமாகிறது. ஜெனிக்குப் பதின்மூன்று வயது. எங்கள் பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது, மே மாதத்தில் தலைமையாசிரியருக்கு லீவு. மற்ற மாதங்களில்கூட, பால் ஏன் பொங்குகிறது என்று நான் விளக்க ஆரம்பித்தால் யாராவது ஒருவர் ஃப்ரிட்ஜ் பக்கம் கையைக் காட்டுகிறார்கள்.

சரசு அக்கா வீட்டுச் சுவரில் அந்த வரைபடம் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்குகிறது. போன வாரம் பம்மல் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற ஷேர் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினார் பாபு.

"சார்! பாப்பாக்கு லீவு வுட்டாச்சா?"

"நாளையிலேருந்து பாபு" என்றேன். "இன்னைக்கு ஒரே ஒரு பாடம் பாக்கி."

பின்சீட்டில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மே மாசமே பொறந்தாச்சு, இன்னும் வுடலியா? இன்னா மன்சன்யா நீ?" என்றார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர் "எந்த ஸ்கூலு அது?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். பாபு எஞ்சினையே அணைத்துவிட்டார். பச்சை விழுந்ததும் நான் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து, "ஜெனி, அந்தப் பாடம் வேண்டாம்டா, போய் விளையாடு" என்றேன்.