பொடி எழுத்தில் ஒரு எஞ்சின் மாற்றம்

இந்த வருஷம் கொடியைப் பார்த்தே தீருவது என்று கண்ணாடிக்கடைக்காரர் பல் தேய்க்கும்போது சபதம் எடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் உரக்கச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். சபதம் யார் காதில் விழக் கூடாதோ அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கொடி என்றால் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பந்தயக் கொடி. ஊருக்கு வெளியே இருக்கும் வட்டப் பாதையில் வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டைக் கார்ப் பந்தயம் நடக்கும். காருக்கு இருபது வயதாவது ஆகியிருக்க வேண்டும். விலை ஒரு நல்ல சைக்கிளின் விலையைத் தாண்டக் கூடாது. எஞ்சினை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். காலையில் ஆரம்பித்தால் ஆறு மணி நேரம் ஓட வேண்டும். அங்கே வேகத்தை யாரும் மதிப்பதில்லை. உயிரோடு இருப்பதைத்தான் மதிப்பார்கள். கடைசி நிமிஷத்தில் எவன் வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கிறதோ அவனுக்கெல்லாம் கொடி அசைப்பார்கள்.

போன வருஷம் இவர் வண்டி பதினோராவது நிமிஷத்தில் புகை கக்கிப் படுத்துவிட்டது. ஒலிபெருக்கிக்காரர் அதை மூன்று தடவை அறிவித்தார். மறுநாள் கடைக்கு வந்தவர்கள் கண்ணைக் காட்ட வந்தார்களா, இவர் முகத்தைப் பார்க்க வந்தார்களா என்று இவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. அன்றிலிருந்து மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கத்தான் செய்தது. ருசிக்கவில்லை.

குற்றம் எஞ்சினுடையது. அது பெட்ரோலைவிட எண்ணெயை அதிகம் குடித்தது, கிளட்சும் தேய்ந்திருந்தது. நல்ல எஞ்சினுக்கு எங்கே போவது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவருக்கு அன்று பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோமே என்று. ஜன்னலுக்கு வெளியே மனைவியின் கார் நின்றது.

மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவளுடைய காரும் இவருடைய பந்தயக் காரும் ஒரே ரகம், ஒரே வருஷம், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். டீச்சர் காரின் தலையில் ஒரு பலகை இருக்கும். பக்கத்து இருக்கைக்கும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த எஞ்சின் இருக்கிறதே, அது தன் வாழ்நாளில் மூன்றாவது கியரைத் தாண்டியதில்லை. எண்ணெய் தேதி தவறாமல் மாற்றப்பட்டது. புகுந்த வீட்டில் அதட்டல்கூடக் கேட்காத எஞ்சின்.

ஒரே ஒரு குறைதான் அந்த வண்டிக்கு.

"என்னங்க, கிளட்ச் வழுக்குது. மாத்திக் கொடுங்க."

"வர்ற மாசம் பார்ப்போம்."

"போன வருஷமும் வர்ற மாசம்னுதான் சொன்னீங்க."

"மாசம் வந்துக்கிட்டேதானே இருக்கு."

இதுதான் ஒரு வருஷமாக நடக்கிற பேச்சு.

திட்டம் சுலபமானது. இவள் எஞ்சினை எடுத்துப் பந்தயக் காரில் வைப்பது. அதன் எஞ்சினை எடுத்து இவள் காரில் வைப்பது. பந்தயம் முடிந்ததும் சத்தமில்லாமல் திரும்ப மாற்றிவிடுவது. டீச்சரின் தங்கை வீடு மாறுகிறாள், ஒத்தாசைக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் டீச்சர் அங்கே போகிறாள். தங்கை வீட்டுக்காரர் வேனிலேயே போய்விடுவாள், கார் வீட்டில் நிற்கும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று கண்ணாடிக்கடைக்காரர் நினைத்தார்.

துணைக்கு அடுத்த வீட்டு லிஃப்ட் மெக்கானிக். பாரம் தூக்குவதே அவர் பிழைப்பு, சங்கிலிக் கப்பியும் சொந்தமாக வைத்திருந்தார். பந்தயத்திலும் கூட்டாளி. ஆனால் அவர் கார் ஓட்டக் கற்றது டீச்சரிடம். நாலு மாதம் கற்றார். இன்றைக்கும் யாராவது "பிரேக்" என்றால் சாப்பிடுகிற இடத்தில்கூட அவர் வலது கால் தரையை அழுத்தும்.

"டீச்சருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் சார்?"

"தெரியாது."

"எப்படித் தெரியாம போகும்?"

"அவளுக்கு வெள்ளெழுத்து. நானே டெஸ்ட் பண்ணினேன். கிட்ட இருக்கிற பொடி எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது. கண்ணாடி செஞ்சு கொடுத்தேன், வயசான மாதிரி இருக்குன்னு தொடவே மாட்டேங்கிறா."

"அதுக்கும் எஞ்சினுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்கு எதையும் சீட்டில் எழுதாவிட்டால் கை ஓடாது. கடையில் அப்படித்தான். வருகிறவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார். சீட்டை வாங்கிப் பார்ப்பார், சீட்டில் உள்ளபடி கண்ணாடியை எடுத்து நீட்டுவார். "மனுஷன் மறப்பான், சீட்டு மறக்காது" என்பது அவர் வேதவாக்கு. அதனால் திட்டத்தையும் ஒரு மருந்துச் சீட்டு அட்டையில் எழுதினார். வலது கண் என்ற கட்டத்துக்குக் கீழே அவள் கார், இடது கண்ணுக்குக் கீழே நம் கார். வெள்ளிக்கிழமை எதைக் கழற்றுவது, சனிக்கிழமை எதைப் பூட்டுவது என்று வரிசையாக, கண் சோதிக்கப் படிக்கச் சொல்லும் அட்டையின் கடைசி வரி அளவுக்குப் பொடி எழுத்தில் எழுதினார். எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். ஒளித்து வைத்தால்தானே தேடுவார்கள் என்பது அவர் ராஜதந்திரம்.

அன்று சாயங்காலமே டீச்சர் அதைப் பார்த்தாள்.

"என்னங்க இது, எறும்பு ஊர்ந்த மாதிரி?"

"கடை லென்ஸ் ஆர்டர்."

அட்டையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். கண்ணைச் சுருக்கினாள். கழுத்தைப் பின்னால் இழுத்தாள். "ஒண்ணுமே தெரியலை" என்று திரும்ப ஒட்டிவிட்டாள்.

"அதான் கண்ணாடி செஞ்சு கொடுத்தேனே, போட்டுக்கிட்டா என்ன?"

"போட்டுக்கலாம், போட்டுக்கலாம். வர்ற மாசம்."

கண்ணாடிக்கடைக்காரர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்.

வெள்ளிக்கிழமை டீச்சரின் தலை தெருமுனையில் மறைந்ததுதான் தாமதம், கப்பி உத்தரத்தில் ஏறியது. பொழுது சாய்வதற்குள் இரண்டு எஞ்சினும் கியர் பெட்டியோடு கொட்டகைத் தரையில் வந்து உட்கார்ந்தன. டீச்சர் காரின் எஞ்சினில் 'நல்லது' என்றும் மற்றதில் 'கெட்டது' என்றும் அட்டை எழுதிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்.

சனிக்கிழமை காலை 'நல்லது'க்கு ராஜ உபசாரம். புது கிளட்ச், உள்ளே ஓடும் பெல்ட் புதுசு, தண்ணீர்ப் பம்பு புதுசு. ஒரு வருஷமாக வராத வர்ற மாசம் பந்தயத்துக்கென்றதும் ஓடி வந்துவிட்டது.

"டீச்சர் கேட்ட அதே கிளட்ச்தானே சார் இது?" என்றார் லிஃப்ட்காரர்.

"பேசாம திருகாணியைப் பிடிங்க."

எல்லாவற்றையும் மூடிப் பூட்டினார்கள். லிஃப்ட்காரருக்கு அழுக்கு பிடிக்காது. இரண்டு எஞ்சினையும் மண்ணெண்ணெய் போட்டுக் குளிப்பாட்டினார். இப்போது இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பளபளவென்று இருந்தன. இருவரும் லிஃப்ட்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள்.

திரும்பி வந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அட்டைக் கயிறுகள் மட்டும் அழகாகப் பூ முடிச்சுப் போட்டிருந்தன. லிஃப்ட்காரருக்கு நறுவிசான கை என்று கண்ணாடிக்கடைக்காரர் மனசுக்குள் மெச்சினார். சாருக்குத்தான் என்ன நறுவிசு என்று லிஃப்ட்காரர் மெச்சினார். இரண்டு பேருமே வாய் திறந்து பாராட்டும் ரகமில்லை. அங்கேதான் காரியம் கெட்டது.

கப்பியைக் கொண்டுபோனபோது லிஃப்ட்காரர் தலையைச் சொறிந்தார்.

"சார், காலையில கிளட்ச் மாட்டினது சுவத்துப் பக்கம் இருந்ததுன்னு ஞாபகம்."

"சீட்டு என்ன சொல்லுது?"

"'நல்லது'ன்னு கதவுப் பக்கம் இருக்கிறதுல தொங்குது."

"அப்புறம் என்ன? மனுஷன் மறப்பான்..."

"சீட்டு மறக்காது" என்று பெருமூச்சுவிட்டுச் சங்கிலியை இழுத்தார் லிஃப்ட்காரர்.

ஞாயிறு மதியத்துக்குள் இரண்டு வண்டியும் பூட்டி முடிந்தன. பந்தயக் காரை முடுக்கிப் பார்த்ததும் கொட்டகை முழுக்கப் புகை.

"சார், இது பழைய புகை மாதிரியே இருக்கு."

"மண்ணெண்ணெய் எரியுது."

"கிளட்ச்கூட வழுக்குதே."

"புது கிளட்ச் படியணும். புதுச் செருப்பு கடிக்கலையா?"

நம்ப வேண்டும் என்று முடிவெடுத்தவனை யாரால் தடுக்க முடியும்?

திங்கள் காலை டீச்சர் முதல் பாடத்துக்குக் கிளம்பினாள். கண்ணாடிக்கடைக்காரர் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி இருமப் போகிறது, அவள் இறங்கி வரப் போகிறாள், என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி பூனை மாதிரி தெருவைத் தாண்டிவிட்டது. மதியம் அவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பாட்டு முணுமுணுத்தாள்.

"வண்டி எப்படி ஓடுது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"அதுக்கென்ன, வெண்ணெய் மாதிரி போகுது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

கண் போனது போல அவளுக்குக் காதும் போய்விட்டது என்று அவர் முடிவு கட்டினார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. இரவு அவள் தட்டில் தன் பங்கிலிருந்து ஒரு கரண்டி அதிகமாக வைத்தார்.

பந்தயம் அடுத்த ஞாயிறு. அன்று நடந்ததைச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. போன வருஷம் பதினோரு நிமிஷம். இந்த வருஷம் ஒன்பது.

ஒலிபெருக்கிக்காரர் இந்தத் தடவை நாலு முறை அறிவித்தார். மீதி ஐந்தே முக்கால் மணி நேரமும் லிஃப்ட்காரர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. உள்ளே முகம் எப்படி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டாமே. மற்ற வண்டிகள் கதவு தொங்க, பம்பர் தேய, சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் கொடியைப் பார்த்துவிட்டால் போதும் என்று அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

கடைசிக் கால் மணி நேரத்தில் டீச்சரின் கார் தலைப்பலகையோடு உள்ளே வந்து பக்கத்தில் நின்றது. டீச்சர் இறங்கினாள். டிக்கியைத் திறந்து கயிற்றை எடுத்தாள்.

"விதியைப் படிச்சேன். கடைசிச் சுத்துல கயிறு கட்டி இழுத்தாவது கோட்டைத் தாண்டலாமாம். சுத்து கணக்குல வராது, ஆனா கொடி உண்டாம். ஏறுங்க."

"எனக்காகவா வந்தே?"

"பின்ன, வேடிக்கை பார்க்கவா? ஸ்டியரிங்கை நேரா பிடிங்க. நான் சொல்றப்ப மட்டும் பிரேக்."

வண்டிக்கு அடியிலிருந்த லிஃப்ட்காரரின் வலது கால் தானாக உதைத்துக்கொண்டது.

அந்த ஒரு சுற்று இருக்கிறதே, அது தேரோட்டம். முன்னால் பயிற்சிப் பள்ளிக் கார், அதன் தலையில் தொலைபேசி எண்ணோடு பலகை. பின்னால் கயிற்றில் பந்தயக் கார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஒலிபெருக்கிக்காரர் உற்சாகத்தில் பலகையில் இருந்த எண்ணை மூன்று தடவை வாசித்தார். கோட்டருகே கட்டம் போட்ட கொடி மேலும் கீழும் வீசியது. கண்ணாடிக்கடைக்காரர் பார்த்தார். இரண்டு கண்ணாலும் பார்த்தார். சிரித்தாரா அழுதாரா என்று ஹெல்மெட்டுக்குத்தான் தெரியும்.

கயிற்றை அவிழ்க்கப் போனவர் அப்படியே நின்றார். டீச்சர் கட்டியிருந்தது பூ முடிச்சு.

"நீ... அந்தச் சனிக்கிழமை..."

"மதியம் ஒரு எட்டு வந்துட்டுப் போனேன். நீங்க சாப்பிடப் போற நேரம் வரைக்கும் எழுதி வச்சிருந்தீங்களே. சீட்டை மட்டும் மாத்திக் கட்டினேன். மனுஷன் முகத்தையே பார்க்காதவரு எஞ்சின் முகத்தையா பார்க்கப் போறீங்க?"

"அப்போ, என் புது கிளட்ச்?"

"என் எஞ்சின்ல போட்டீங்க, என் வண்டியிலேயே இருக்கு. நம்ம ரெண்டு வண்டியையும் இத்தனை தூரம் இழுத்துதே, வழுக்கவே இல்லை பார்த்தீங்களா?"

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தலை சுற்றியது. மூன்று நாள் முதுகொடிய எஞ்சினைக் கழற்றி, உபசாரம் செய்து, அதது இருந்த இடத்திலேயே அதததைத் திரும்ப வைத்திருக்கிறார். இருந்தும் ஒரு சந்தேகம் அவரை அரித்தது. அது கணவனுடைய சந்தேகமல்ல, தொழில்காரரின் சந்தேகம்.

"அது கடைசி வரி அளவு எழுத்தாச்சே. உனக்குத் தெரியவே தெரியாதே."

டீச்சர் காருக்குள் கையை விட்டு ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். திறந்து, மூக்கில் மாட்டிக்கொண்டு, அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சும்மா சொல்லக் கூடாதுங்க, நீங்க செஞ்சு கொடுத்த கண்ணாடி பிரமாதம்."