கன்றுக்குட்டிக்குச் சொன்னது எனக்குச் சொன்னதாகாது

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தங்கள் நலமும், தங்கள் வேளாண் வார இதழுக்காக உழைக்கும் அனைவரின் நலமும், என் கட்டுரைகளை 'இடமின்மை காரணமாக'த் திருப்பி அனுப்பும் உதவி ஆசிரியரின் நலமும் அறிய விழைகிறேன். இது கட்டுரை அன்று, கடிதம். ஆகவே இடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

பூச்சிமருந்து பற்றிய விதிகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. விற்பவருக்கு உரிமம் வேண்டும், வாங்குபவருக்கு ரசீது வேண்டும், பாட்டிலில் நச்சின் கடுமையைக் காட்டும் வண்ண முக்கோணம் வேண்டும். கச்சிராயபாளையத்துக் கடைக்காரர் சுபைர் இவற்றில் எதிலும் தவறாதவர். எங்கள் ஊர்க் கிராம சபையும் தன் பங்குக்கு, மருந்து அடிப்பவர் பக்கத்து நிலத்துக்காரருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கை தூக்கி ஆதரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் பக்கத்து நிலத்துக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள் என்று அந்தத் தீர்மானத்துக்கு யார் சொன்னது? வரப்பு எங்கே தொடங்குகிறதோ அங்கே பேச்சு நின்றுவிடும் என்பது நிலம் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

என் பக்கத்து நிலத்துக்காரன் என் உடன்பிறந்த தம்பி பாவாடை. அவனுடைய மகள் காதணி விழாப் பத்திரிகையில் என் பெயரை அவன் மச்சானின் பெயருக்குக் கீழே போட்டான். போட்டதோடு விட்டானா, எம்.ஏ. பட்டத்தையும் விட்டுவிட்டான். அன்றிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. அவன் மக்காச்சோளம் போட்டுப் படைப்புழுவைக் கொல்கிறான், நான் மல்பெரி போட்டுப் பட்டுப்புழுவை வளர்க்கிறேன். எங்கள் அப்பா செய்த பாகப்பிரிவினையைவிட இது தெளிவானது. அவன் நிலம் மேற்கே, மலைப் பக்கம். ஆடிக் காற்று கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, முதலில் அவனைத் தொட்டுவிட்டுத்தான் என்னிடம் வரும். நல்லது எல்லாம் எனக்கு அவனுக்கு அப்புறம்தான் வந்திருக்கிறது. கெட்டதும் அப்படியே.

சென்ற வாரம் என் புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன. இன்னும் இரண்டு நாள் தழை தின்றால் கூடு கட்டிவிடும். சாயங்காலம் நான் மோட்டாரை நிறுத்தப் போனபோது, தம்பி வரப்போரம் கட்டியிருந்த தன் கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில், "நாளைக்கு வெடியல்ல சோளத்துக்கு மருந்து அடிக்கப் போறன். புழு வெச்சிக்கினு இருக்கறவங்க இன்னிக்கே தழைய அறுத்துக்கினா நல்லது. அப்பால என்னிய சொல்லக் கூடாது, இன்னா?" என்றான். கன்றுக்குட்டி தலையை ஆட்டியது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி விஜயலட்சுமியும் அதைக் கேட்டிருக்கிறாள். "ஏங்க, அதான் சொல்ட்டாரே, இருட்டறதுக்குள்ள அறுத்துக்கினு வந்துடலாம் வாங்க" என்றாள். "கன்றுக்குட்டியிடம்தான் சொன்னான். வேண்டுமானால் கன்றுக்குட்டி வந்து சொல்லட்டும்" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். ஓர் ஆள் அறுத்தால் எவ்வளவு வரும்? பாதிப் புழுவுக்கு வந்தது. ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தாள். மீதிப் பாதிக்கு நான், எனக்கு எவரும் எதுவும் தெரிவிக்கவில்லை என்ற நிலைப்பாட்டில் உறுதியாக நின்று, மறுநாள் அவன் மருந்து அடித்து முடித்த பிறகு தழை அறுத்துப் போட்டேன். அவள் பக்கத்துப் புழுக்கள் இன்று பொன்னிறமாய்க் கூடு கட்டியிருக்கின்றன. என் பக்கத்துப் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டி, பச்சைச் சாற்றைக் கக்கிச் செத்தன. ஒரே கொட்டகை, நடுவில் ஒரு நடைவழி. நான் இரண்டு நாளாக அந்தப் பக்கம் போகவில்லை.

புகார் கொடுத்தேன். வேளாண்மை அலுவலரான அம்மையார் நேரில் வந்தார்.

"சார், அவர் சொன்னது ஒங்க காதுல விழுந்துச்சா, இல்லியா?"

"விழுந்தது. ஆனால் எனக்குச் சொல்லவில்லை."

"அப்ப யாருக்குச் சொன்னாரு?"

நான் கன்றுக்குட்டியைக் காட்டினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் தம்பியிடம் திரும்பினார். அவன் அவருக்கும் பதில் சொல்லவில்லை. கன்றைப் பார்த்தே, "கடைக்கார பாய் சொல்லிட்டு அடிங்கன்னாரு, சொல்லிட்டுதான அடிச்சேன்? ஒனக்கு வெளங்கிச்சி. எம்.ஏ. படிச்சவருக்கு வெளங்கலன்னா நான் இன்னாத்த பண்றது?" என்றான். அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அறிவிப்பு தரப்பட்டிருப்பதாகவே முடிவு செய்தார்.

பட்டத்தைப் பத்திரிகையில் போடத் தெரியாதவனுக்குக் கன்றிடம் மட்டும் சொல்லத் தெரிகிறது.

ஆகவே தங்கள் இதழ் இதற்காகக் குரல் கொடுக்க வேண்டும். அறிவிப்பு என்றால் நேருக்கு நேர் சொல்வது. மாட்டிடமோ, சுவரிடமோ, மூன்றாம் மனிதரிடமோ சொல்வது செல்லாது என்று விதியில் சேர்க்க வேண்டும். அடிப்பவன் வரப்பைத் தாண்டி வந்து, முகத்தைப் பார்த்து, முறை சொல்லிக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அண்ணன் என்றால் 'அண்ணே' என்று. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் என் பாதிப் புழு உயிரோடு இருந்திருக்கும்.

கோமுகி அணை நிரம்பட்டும். தங்கள் இதழ் பெருகட்டும். உதவி ஆசிரியருக்கும் நல்ல புத்தி வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
சந்தாவை நிறுத்துவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாத வாசகன்,
க. இளவரசன், எம்.ஏ., பி.எட்.

பின்குறிப்பு: கூடு எடுத்த பிறகு என் மல்பெரிக்கு இலைச்சுருட்டுப் புழுவுக்கான மருந்து அடித்தாக வேண்டும். வரும் ஞாயிறு காலை அடிக்கிறேன். அந்தக் கன்றுக்குட்டிக்கு வரப்பைத் தாண்டி வந்து என் மல்பெரிக் கொழுந்தைக் கடிக்கும் பழக்கம் உண்டு. இரண்டு வாரத்துக்கு அதை அந்தப் பக்கம் கட்டக் கூடாது. விஜயலட்சுமியைப் போய்ச் சொல்லச் சொன்னேன். "நீங்களே சொல்லுங்க, இல்லன்னா கன்னுகுட்டியாண்ட சொல்லுங்க" என்கிறாள். கன்றிடம் பேச என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. என் தம்பி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கச்சிராயபாளையம் பேருந்து நிலைய டீக்கடையில் தங்கள் இதழை முழுதாகப் படிக்கிறவன். இந்தக் கடிதம் நீளம் என்று தோன்றினால் மேலே உள்ளதை எல்லாம் வெட்டிவிடுங்கள். பின்குறிப்பை மட்டும் வெட்டாதீர்கள்.