ஏணிக்குப் போர்வை போர்த்திய கதை

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம், என் இடது முழங்காலைத் தவிர. அங்கே உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் கேட்காமலே தெரிந்துவிட்டது.

"பேப்பரில் உன் போட்டோவைப் பார்த்தேன், உனக்கு மூளை குழம்பிப் போச்சா?" என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆற அமரத் திட்டுங்கள். நம் பெரியவள் நாடாளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறாள். ஆமாம், நீங்கள் மருமகனே என்று தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த அதே பிள்ளைதான். தான் திருநங்கை என்று அவள் சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது, அன்றிலிருந்து உங்களுக்கு அவள் மருமகள், நீங்கள்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தம் எடுக்கிற வேலை பார்ப்பவளுக்கு எம்.பி. பதவி எதற்கு என்கிறீர்கள். தொகுதியில் பாதிப் பேருடைய நரம்பு எங்கே ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும் மச்சான், இப்போது இருக்கிற எம்.பி.க்குத் தொகுதியே எங்கே இருக்கிறது என்று தெரியாது. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவு வர இருபது நாள் ஆகிறது, அதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிடுகிறான், அதைக் கேட்கத்தான் நிற்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னம் கொடுக்கக் குலுக்கல் போட்டார்கள். இவள் கேட்டது மேசை விளக்கு, விழுந்தது ஏணி. பெயிண்டர் பிள்ளைக்கு ஏணிச் சின்னம்! உங்கள் தங்கை கைதட்டிச் சிரித்தாள், நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன், ஏனென்றால் அந்த எம்.பி.யின் கட்சி ஆபீஸ் முன்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க நான் முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். வேலை வேலைதானே, ரெண்டாவது கோட் அடிக்கப் போனேன், அவர்கள் வாசலில் ஏணியைச் சாத்தி உச்சிப்படியில் நின்றேன், தெருவோடு போன பத்திரிகைப் போட்டோகாரர் படம் எடுத்துவிட்டார், இதில் என் தப்பு என்ன? ஆபீஸ் மேனேஜர் வேட்டைநாய் மாதிரி ஓடி வந்தார்.

"யோவ், ஏணியை எடுய்யா!"

"ஏணி இல்லாம பறந்தா அடிப்பேன்?"

"நாற்காலி மேல ஏறி அடி!"

அவரே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது, நாற்காலி இன்னொரு எதிர்க்கட்சிக்காரருடைய சின்னம். அதையும் அவரே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

மறுநாள் என்மேல் புகார். அனுமதியில்லாமல் சின்னத்தை விளம்பரம் செய்தேனாம், பெரியவள் ஏவித்தான் செய்தேனாம், அது நிரூபணமானால் அவள் போட்டியிடுவதற்கே ஆபத்தாம். தேர்தல் அதிகாரி அம்மா முன்னால் ஏணியோடு போய் நின்றேன். இரண்டு பேர் அதைப் படுக்கவைத்து அளந்தார்கள், பதினெட்டுப் படி என்று எழுதிக்கொண்டார்கள். என்னால் இவள் வாழ்க்கை ஒரு தடவை கெட்டது போதாதா? அவள் திருநங்கை என்று சொன்ன அன்றைக்கு "என் வாசல்படி மிதிக்காதே" என்று துரத்திய பாவி நான், நாலு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதிகாரி முன்னால் நான் நிற்கும்போதே பெரியவள் வேலை உடுப்போடு ஓடி வந்தாள்.

"மேடம், இவர் எங்க அப்பா. இந்த ஏணி நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இவர்கிட்ட இருக்கு. சின்னம் போன வாரம்தான் வந்துச்சு. தொழிலை விடச் சொல்லாதீங்க. வேணும்னா எனக்கு வேற சின்னம் கொடுங்க."

எங்க அப்பா! பதினாலு பேர் முன்னால் சொன்னாள் மச்சான். கண் கலங்கிவிட்டது, பெயிண்ட் தூசி என்று சமாளித்தேன், அந்த அறையில் பெயிண்டும் இல்லை தூசியும் இல்லை. எனக்கு இவ்வளவு பெருமை என் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை, இதைத் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள்.

சின்னம் அப்படியே இருக்கட்டும், ஏணியைத் தெருவில் கொண்டுபோகும்போது மூடிக்கொண்டு போ என்று தீர்ப்பு. இப்போது போர்வை போர்த்தித் தூக்கிப் போகிறேன். முன்பெல்லாம் திரும்பிப் பார்க்காத ஜனம் இப்போது தெருத்தெருவாக நிறுத்தி, "அது என்னண்ணே?" என்று கேட்கிறது. நான் வாயைத் திறப்பதில்லை. அவர்களே "ஏணி!" என்று கத்துகிறார்கள்.

ஓட்டு உங்கள் இஷ்டம். ஆனால் மாமா வீட்டு வாசலுக்குத் துண்டறிக்கையோடு வரலாமா என்று அவள் தயங்குகிறாள். நான் செய்த பாவத்தை நீங்களும் செய்யாதீர்கள், கதவைத் திறந்து வையுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வேட்பாளரின் அப்பா

பின்குறிப்பு: அதிகாரியிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். ரெண்டாவது கோட் முந்தின நாளே அடித்துக் காய்ந்துவிட்டது. அன்று என் டப்பாவில் இருந்தது வெறும் தண்ணீர். என்னை எழுப்பி ஏணியோடு அனுப்பியதும், போட்டோகாரருக்குப் போன் செய்ததும் உங்கள் தங்கைதான். பெரியவளுக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்தால் எங்கள் இரண்டு பேர்மேலும் அவளே புகார் எழுதிக் கொடுத்துவிடுவாள். அப்படிப்பட்ட பிள்ளை மச்சான் அவள்!