இரட்டைச் சைக்கிளில் பெண் பார்த்த படலம்

பார்சிப்பனி, நியூஜெர்சி
20 ஜூன் 1999

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய டாக்டர் சேனாபதி அவர்களுக்கு, கோபிசெட்டிபாளையம் நஞ்சுண்டன், தற்சமயம் மகன் வீட்டிலிருந்து, வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும், என் சம்சாரம் சாந்தாமணியும், மகன் சபரியும் உட்காருவது ஒன்றைத் தவிர மற்ற எல்லா விதத்திலும் சௌக்கியம். தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் மகள் வான்மதியும் சௌக்கியமாயிருக்கப் பழனியாண்டவர் அருள்புரியட்டும். இந்தக் கடிதத்தை அடுப்பு மேடையில் வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்து சரிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ‘சம்பந்தி’ என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் பெண் பார்த்துவிட்டு இங்கிலாந்திலிருந்து நாங்கள் திரும்பி இரண்டு வாரம் ஆகியும் வான்மதியிடமிருந்து பதில் இல்லாததால், டாக்டர் என்றே எழுதுகிறேன்.

முதலில் நன்றி. மூன்று நாளும் தங்கள் வீட்டம்மா போட்ட சாப்பாட்டுக்கு நன்றி. ஒவ்வொரு பாதை முடியும் இடத்திலும் காரை நிறுத்தி, ஃப்ளாஸ்கில் காப்பியோடு காத்திருந்தீர்களே, அதற்குக் கோடி நன்றி. முட்டியில் ஆபரேஷன் ஆனதால் தாங்கள் சைக்கிளில் வரவில்லை. காருக்குள் இருந்த தங்களுக்குப் பாதையில் நடந்தது முழுசாகத் தெரியாது. தப்பும் தவறுமாகக் காதில் விழுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகளுக்கு மலைச்சைக்கிள்தான் உயிர் என்றும், காப்பித் தட்டோடு வந்து நிற்கமாட்டாள், பையன் மூன்று நாள் தன்னோடு சைக்கிள் ஓட்டினால் பேசிப் பார்ப்பாள் என்றும் தகவல் வந்ததுமே சபரி இங்கே ஒரு சைக்கிள் வாங்கி, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சுற்றிச் சுற்றி வந்தான். அங்கே ஏற்றம் என்று ஒன்றுதான் உண்டு, வேகத்தடை. நிச்சயமாகாத பிள்ளைகள் இரண்டு பேரைத் தனியாகக் காட்டுக்குள் அனுப்புவது முறையில்லை என்று நானும் கிளம்பினேன். நானும் இருபத்தைந்து வருஷம் சைக்கிளிலேயே பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்தியவன்தான். தங்கள் வீட்டு வாசலில்தான் சாந்தாமணி குறுக்கே நின்றாள். “ஏனுங்க, நல்ல காரியத்துக்கு மூணு பேராவா போவாங்க? விளங்குமா?” என்றாள். அவளுக்கோ சைக்கிளே ஓட்டத் தெரியாது. உங்கள் மகள் நேராக ஷெட்டுக்குள் போய், முன்பு தங்களை உட்காரவைத்து ஓட்டிய அந்த இரட்டைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, “ஆன்ட்டி, பின்னாடி உக்காருங்க” என்றாள். பட்டுப்புடவையும் ஸ்வெட்டரும் ஹெல்மெட்டுமாக என் சம்சாரம் ஏறி உட்கார்ந்ததை நானே கண்ணால் பார்த்தும் நம்பவில்லை.

எலுமிச்சம்பழ விஷயம் தாங்களே பார்த்தது. வண்டிக்குப் பழம் வைத்து ஏற்றாமல் எங்கள் வீட்டில் ஒரு வண்டியும் தெரு இறங்கியதில்லை. கார் என்றால் பழம் நசுங்கும். சைக்கிள் என்றால் பழம் உருளும், கூடவே மாப்பிள்ளையும் உருளுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தங்கள் ரோஜாச் செடிகளுக்கு சபரி சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முள் எல்லாம் எடுத்தாயிற்று.

முதல் நாள் பாதை, பழைய ரயில் தடத்தைச் சமன்படுத்திப் போட்டது, இரண்டு பக்கமும் மரம் கவிந்து கோயில் பிரகாரம் மாதிரி குளுகுளுவென்று இருந்தது. இவ்வளவுதானா என்று நானும் கொஞ்சம் துள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு வந்ததே அந்தக் காட்டு இறக்கம்! வேரும் கல்லும் ஈரச் சருகும். நான் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு “முருகா முருகா” என்று இறங்குகிறேன், பின்னாலிருந்து “அங்கிள், பிரேக்க விடுங்க! ஜஸ்ட் லெட் கோ!” என்று உங்கள் மகள் குரல். அதோடு “இன்னும் வெரசா போ கண்ணு!” என்று இன்னொரு குரல். அது யார் என்று திரும்பிப் பார்ப்பதற்குள், முப்பத்தாறு வருஷமாக எனக்குப் பின்னாலேயே நடந்து வந்த சாந்தாமணி கையை ஆட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள். டாக்டர், அந்த அவமானத்தை என்னவென்று எழுதுவேன்!

அந்தக் கடுப்பில்தான் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வாயை விட்டேன். “கல்யாணத்துக்கு அப்புறம் இந்தச் சைக்கிளெல்லாம் என்னத்துக்குங்க, ஒரு கார் இருந்தாப் போதாதா?” என்றேன். வான்மதி கரண்டியைக் கீழே வைத்தாள். தாங்கள் தண்ணீர் குடித்தீர்கள். சபரி என் காலை மிதித்தான். அந்த ஒரு வார்த்தையால்தான் பதில் வரவில்லை என்று நான் நினைக்கிறேன். அந்த வார்த்தையை இதோ இந்தக் கடிதத்தில் முழுசாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அது நான் பேசியதல்ல, சைக்கிள் சீட் பேசியது.

இரண்டாம் நாள், கல்சுவரும் புல்வெளியும் ஓடையுமாக இருந்த பள்ளத்தாக்கு. அங்கே பாதையில் குறுக்கிடும் மேய்ச்சல் நிலத்துக் கதவைத் திறந்தால் பின்னாலேயே மூடவேண்டும் என்று வான்மதி சொல்லித்தான் இருந்தாள். நான் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன், நம் ஆட்கள் வரட்டும் என்று. ஆட்கள் வருமுன் ஆடுகள் வந்தன. வயசில் பெரிய ஆடாகத் தெரிந்தது, எப்படி மறிப்பது? மரியாதையாக வழி விட்டேன், அதன் சொந்தபந்தம் அத்தனையும் ரோட்டுக்கு வந்துவிட்டது. நம்ம ஊர் ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி நாக்கை மடக்கிக் கூப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் உங்கள் மகள் இரட்டைச் சைக்கிளைச் சுற்றி வளைத்து ஓட்ட, பின்சீட்டிலிருந்து சாந்தாமணி முந்தானையை வீசி “ஏய்! ஏய்! உள்ள போ!” என்று ஒரு சத்தம் போட, எல்லாம் அடங்கி உள்ளே போயின. ஆடுகளுக்குச் சொந்தக்காரர் வந்து, என்னைத் தாண்டிப் போய், சாந்தாமணிக்குத்தான் தொப்பியைக் கழற்றினார்.

இனி மூன்றாம் நாள். தாங்கள் முன்கூட்டியே அனுப்பிய பாதைப் புத்தகத்தை நான் வரிவரியாகப் படித்திருந்தேன். ஆனால் வெள்ளைக்காரன் ‘இனிமையான சிறு ஏற்றம்’ என்று எழுதினால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும் என்று அர்த்தமாம். ‘சற்று ஈரமாக இருக்கலாம்’ என்று எழுதிய இடத்தில் என் இடது பூட்ஸ் இன்றும் இருக்கிறது. மரமே இல்லாத அந்த மேட்டுப் பொட்டலில், மூடுபனி இறங்கி முன்சக்கரமே தெரியாத நேரத்தில், வரைபடம் கையில் இருக்கிற தைரியத்தில், “என் பின்னாடி வாங்க” என்று எல்லோரையும் நேராகக் கன்னங்கரிய சதுப்புச் சேற்றுக்குள் கூட்டிக்கொண்டு போனது நான்தான். நான் மாட்டிக்கொண்டு நிற்க, சேற்றை எப்படியோ தாண்டி முன்னால் போன சபரி போனவன்தான், பெற்ற தகப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வந்தது வான்மதி. என்னைச் சேற்றிலிருந்து இழுத்து, தன் கையுறையைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டாள். “அங்கிள், ஆர் யூ ஓகே?” என்றாள். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. வரைபடத்தை அவள் கையில் கொடுத்து, “நீயே முன்னால போ சாமி, நான் பின்னால வர்றேன்” என்றேன். பிறகு கல்சுவர் ஓரமாக ஒதுங்கிப் புளிச்சோறு சாப்பிட்டோம். அவளும் சாந்தாமணியும் ரொம்ப நேரம் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். குரங்குக் குல்லாய் காதை மூடியிருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே டாக்டர், தங்கள் மகள் வேண்டாம் என்று சொன்னாலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பொய். ரொம்ப வருத்தம். வேலைக்குப் போகிற பெண்களும் சமைக்கிற பெண்களும் நிறைய ஜாதகத்தில் வந்தார்கள். கிழவன் சேற்றில் நிற்கிறான் என்று திரும்பி வந்த பெண் இவள் ஒருத்திதான். அவள் எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே அவள் சைக்கிளுக்கு நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். மழையில் போட்டுவிடப் போகிறார்கள். அந்த இரட்டைச் சைக்கிளை மட்டும் இந்த ஜென்மத்தில் என் கண்ணில் காட்டவேண்டாம்.

வீட்டம்மாவுக்கு என் நமஸ்காரம். குழந்தை வான்மதி தீர்க்காயுசோடும், எப்போதும் காற்று நிறைந்த சக்கரத்தோடும் இருக்க மனமார்ந்த ஆசி.

இப்படிக்கு,
நின்றபடியே,
நஞ்சுண்டன்

பின்குறிப்பு: சம்பந்தி! மேலே எழுதிய வருத்தம் எல்லாவற்றையும் அடித்துவிடவும். கடிதத்தை முடித்துவிட்டுச் சற்றுக் குப்புறப் படுத்திருந்தேன். எழுந்து வந்து பார்த்தால், சாந்தாமணி இதை எடுத்து, தமிழ் படிக்கத் தெரியாத உங்கள் மகளுக்கு ஃபோனில் வரி விடாமல் வாசித்துக்கொண்டிருக்கிறாள்! அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத சத்தம். என்னடி இது என்று கேட்டதற்குத்தான் சமாச்சாரம் வெளியே வந்தது. கல்சுவர் ஓரத்திலேயே வான்மதி சொல்லிவிட்டாளாம்: “சபரி ஓகே ஆன்ட்டி. அங்கிள்தான் டவுட். ஊருக்குப் போய் என்ன சொல்றார்னு பாத்துட்டுச் சொல்றேன்.” பெண் பார்க்கப் போனது நாங்கள், பார்க்கப்பட்டது நான்! இரண்டு வாரமாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என் சம்சாரம். இப்போது பாஸ் ஆகிவிட்டேனாம். ஆவணியில் முகூர்த்தம் பாருங்கள். சீர் என்று ஒரு குண்டுமணி தங்கமும் வேண்டாம், அந்த இரட்டைச் சைக்கிளை மட்டும் பெண்ணோடு அனுப்பிவையுங்கள். வான்மதி வந்து பார்க்கிங்கில் சாந்தாமணிக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பாளாம், முன்சீட்டு தனக்குத்தான் என்று என் சம்சாரம் இப்போதே சொல்லிவிட்டாள். ஆகையால் என் பின்சீட்டுக்கு நல்ல கனமான மெத்தையாகப் பார்த்துக் கட்டி அனுப்பவும்.