அத்தைக்கு நான் கட்டிவிட்ட பட்டு

சாவு வீட்டில் சிரிப்பு வந்துவிட்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளலாம். அந்தச் சிரிப்புக்குக் காரணமே நாமாக இருந்தால் முகத்தை எங்கே கொண்டு வைப்பது?

விழுப்புரம் பக்கம் காணையில் என் அத்தை திடீரென்று போய்ச் சேர்ந்தார். கரும்பு வெட்டப் போகிறவர். அவருடைய ஒரே நல்ல படம் என் போனில் இருந்தது. புடவைமேல் மாமாவின் நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. (தோகை கையைக் கிழித்துவிடும். எங்கள் பக்கம் வயலுக்குப் போகும் பெண்களுக்கு அதுதான் யூனிஃபார்ம்.) மாமா அன்றிலிருந்து யாரிடமும் பேசவில்லை, போட்ட சோற்றையும் தொடவில்லை. அவரையும் இழந்துவிடுவோமோ என்று எங்களுக்குப் பயமாக இருந்தது.

நான் திண்டிவனத்தில் டிராயிங் டீச்சர். பெண்களின் துணிமணிகளை வாட்டர் கலரில் வரைந்து எக்ஸிபிஷன் வைத்தவள் என்ற மண்டைக்கனம் வேறு. காரியத்துக்குப் படம் நானே வரைகிறேன் என்று கிளம்பி, அந்தச் சட்டையை உயிரைக் கொடுத்து வரைந்தேன். அத்தையின் தங்கை, அதாவது சின்ன அத்தை, அதைப் பார்த்ததும் மூக்கைச் சிந்தினார்.

“ஏண்டி, சுமங்கலியா போனவள ஆம்பள சட்டையோட குந்த வெச்சிருக்கியே. ஒரு பட்டு கட்டி வுடுடி. உசுரோட இருந்தப்பதான் கட்டல.”

சட்டைமேலேயே போஸ்டர் கலரை அப்பி அரக்குப் பட்டு கட்டினேன், ஜரிகையோடு. பிரேம் போடும்போது கண்ணாடி மட்டும் வேண்டாம் என்றேன். (போட்டால் பேப்பரின் சொரசொரப்பு தெரியாதாம். இழவு வீட்டில் யார் அதைப் பார்க்கப் போகிறார்கள்?)

காரியத்தன்று, விழுப்புரத்தில் பூக்காரர் தண்ணீர் தெளித்துக் கொடுத்த மாலையை மாமா படத்துக்குப் போட்டார். மாலை சொட்டச் சொட்ட பட்டு கரைந்தது. அத்தையின் மார்பிலிருந்து சிவப்பு வழிந்து படையல் சோற்றில் விழுந்தது. பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் பதறிப்போய்த் துப்பட்டாவால் ஒற்றினேன். மிச்சப் பட்டும் துப்பட்டாவோடு வந்துவிட்டது. காகிதத்தில் ஊறிப்போயிருந்த நீலக் கட்டம்தான் நின்றது.

மாமா குனிந்து பார்த்தார்.

“இது எஞ் சட்ட,” என்றார். “ஒரு நாளு என்னப் போட வுட்டதில்ல. நான் போட்டுக்கினு இருந்தாலும் கழட்டி வாங்கிக்கினு போயிடுவா.”

அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்ததும் சோறு கேட்டார்.

இப்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் யார் போனாலும் ஸ்டுடியோவுக்குத்தான் ஓடுகிறார்கள். என்னைப் பந்தி பரிமாறச் சொல்கிறார்கள். சின்ன அத்தை மட்டும், நான் காணைக்குப் போகும்போதெல்லாம், தன் வீட்டுக்காரரின் சட்டையைக் கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

“நல்லா பாத்துக்கடி. எனக்கு பட்டு கிட்டுலாம் வேணாம், நேரா இதயே போட்டுடு.”