குடிச்சாச்சு ஆசாமி

செய்கிறவர்கள், செய்யாதவர்கள் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். நடுவில் மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. நாம் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுகிற ரகம். மாத்திரை? போட்டாச்சு. நடை? நடந்தாச்சு. தண்ணீர்? அதெல்லாம் அப்பவே குடிச்சாச்சு.

இவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். பாவம், பொய்யர்களுக்காவது தாங்கள் சொல்வது பொய் என்று தெரியும்.

நம் மீட்டர்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இலாகாவில் இருபத்து நான்கு வருடமாக வீடு வீடாகப் போய் மீட்டர் படிக்கிறவர். எந்த வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, எந்த வீட்டில் ஆள் கூடியிருக்கிறது, எந்த வீட்டுக்காரர் மீட்டரில் விளையாடியிருக்கிறார் என்று முள்ளைப் பார்த்தே சொல்லிவிடுவார். வீட்டுப் பக்கமே போகாமல் நிழலில் உட்கார்ந்து குத்துமதிப்பாக எண்களை எழுதிவிடும் சக ஊழியர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. “ஒரே மாதிரி ஓடற மீட்டர், யாரும் போய்ப் பாக்காத மீட்டர்” என்பது அவருடைய வேதவாக்கு. மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் அவருடைய மனைவிக்கு இதைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது.

எடை நூற்று முப்பத்தெட்டு கிலோவைத் தொட்டு, முழங்கால் இரண்டும் மாடிப்படியைப் பார்த்தாலே அழ ஆரம்பித்தபோது, மீட்டர்காரர் இரைப்பையைக் குறுக்கும் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதித்தார். அது நல்லபடியாக முடிந்தது. இரைப்பை ஒரு வாழைப்பழ அளவுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு குட்டிக் கோப்பையையும் ஐம்பது கட்டம் போட்ட தாள்களையும் கொடுத்தார். கோப்பை முப்பது மில்லி. கால் மணிக்கு ஒரு தடவை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும் தண்ணீர் கூடாது. ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு கட்டத்தில் டிக். ஐம்பது டிக் என்றால் ஒன்றரை லிட்டர். அவ்வளவுதான்.

ஒரு பாட்டில் தண்ணீரை நின்றவாக்கில் மடக் மடக்கென்று காலி செய்து வந்த மனிதருக்கு இது ஒரு வேலையா என்று தோன்றியது. வேலைதான் என்று வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தெரிந்தது.

அன்று வெயிலில் நடந்துவிட்டு வந்தவர், பழக்க தோஷத்தில் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் நிறைய விழுங்கினார். நெஞ்சுக்கு நடுவில் யாரோ கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டதுபோல் தண்ணீர் நின்றது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. குளியலறைக்கு ஓடி, மனைவிக்குக் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியைப் பிடித்துக்கொண்டு நுரை நுரையாகத் துப்பிக்கொண்டு நின்றார். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் தன் இறுதி ஊர்வலத்தையே நடத்தி முடித்துவிட்டார். மேலதிகாரி மனம் திருந்தி அழுதார். நிழலில் உட்கார்ந்து எழுதும் சக ஊழியர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். தண்ணீர் இலாகா ஊழியர் தண்ணீர் குடித்து மரணம் என்று மறுநாள் பேப்பரில் வந்தது. அந்தச் செய்தியைப் படித்து யார் யார் சிரிப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தபோதுதான் அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

பிறகு தண்ணீர் இறங்கிவிட்டது. பயம் இறங்கவில்லை.

நூற்று முப்பத்தெட்டு கிலோ ஆண்பிள்ளை முப்பது மில்லி தண்ணீருக்குப் பயப்படுவதை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கோப்பையில் நாக்கை நனைத்துக்கொண்டு, மிச்சத்தை ஜன்னலோரப் பூந்தொட்டியில் ஊற்றிவிட்டு, கட்டத்தில் டிக் போட்டார். இரண்டு நாளில் கோப்பையைத் தொடாமலே டிக் போட்டு, பாட்டிலையே தொட்டியில் கவிழ்த்தார். அதற்கடுத்த நாள் காலையிலேயே அன்றைய ஐம்பது டிக்கையும் போட்டு முடித்துவிட்டு ஓய்வாகச் சாய்ந்துகொண்டார். எத்தனை பேரை இதே குற்றத்துக்காக மேலிடத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்ற நினைப்பு வராமல் இல்லை. வந்தது. அதற்கும் ஒரு டிக் போட்டார்.

வாய் உலர்ந்தது. எழுந்தால் தலை சுற்றியது. சிறுநீர் பால் ஊற்றாத டீ மாதிரி போனது. அப்படிப் போனால் உடனே கூப்பிட வேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவரோ அவசரமாக ஃப்ளஷ் செய்தார். கூப்பிட்டால் மறுபடி அந்தக் கட்டில், அந்த ஊசி. திங்கட்கிழமை வேலையில் சேர்வதும் போய்விடும்.

பதினோராம் நாள் காலை நாற்காலியிலிருந்து எழுந்தவர், கண் இருட்டிக்கொண்டு வர, அலமாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி பார்த்துவிட்டார். அலமாரியில் தூசி இருக்கிறதா என்று பார்த்ததாக இவர் சொன்னார். மனைவி தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். சாப்பிடாமலே ‘சாப்பிட்டேன் மிஸ்’ என்று சொல்லும் மூன்று வயதுக்காரர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர் அல்லவா?

“என்னங்க, எட்டு நாளா அம்பது அம்பதுன்னே இருக்கு. ஒரு நாள்கூட நாப்பத்தொம்பது இல்ல.”

“ஒழுங்கா குடிச்சா அப்படித்தாம்மா இருக்கும்.”

“ஒரே மாதிரி ஓடற மீட்டர் என்ன மீட்டர்?”

மீட்டர்காரர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் பூந்தொட்டி இருந்தது. இலையெல்லாம் மஞ்சளாகி, அடித்தண்டு அழுகி, அது அவரைக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

“யாரும் போய்ப் பாக்காத மீட்டர்” என்றார்.

“நான் பாத்திருக்கணும்” என்றார் மனைவி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். திட்டுக்கு நாலு பக்க வசனம் தயாராக வைத்திருந்தார். அது வீணாயிற்று. குழாயைத் திறந்துவிட்டு நின்ற கதையைத் தலைகுனிந்து சொன்னார். கேட்டுக்கொண்டே மனைவி நர்ஸுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

என்ன நிறத்தில் போகிறது என்று நர்ஸ் கேட்டார். “வெளிர் மஞ்...” என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு டீக்கு வந்தார். உடனே கிளம்பி வரச் சொன்னார்கள். டாக்டர் பார்த்தார். அடைப்பு, சுருக்கம் எதுவும் இல்லை. அவசரமாக விழுங்கியதால் வந்த பிடிப்பு. மற்றபடி உடம்பு வறண்டு கிடக்கிறது. மாலை வரை டிரிப்ஸ்.

தலைக்கு மேலே சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு மீட்டர்காரர் படுத்திருந்தார். பொய் சொல்லத் தெரியாத மீட்டர். நர்ஸ் வந்து, வெதுவெதுப்பான தண்ணீர், டீஸ்பூன், வாயில் கொஞ்சம் வைத்திருந்து விழுங்கிவிட்டு, அது இறங்கிய பிறகு அடுத்தது, மாட்டிக்கொண்டால் அன்றைக்கே போன் என்று வரிசையாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வெக்கப்படாதீங்க சார். என் பீரோவுல இருக்கற தாள்ல முக்கால்வாசி அம்பதுதான்” என்றார்.

மறுநாள் காலை மனைவி ஒரு டீஸ்பூனை நீட்டினார். உள்ளே ஒரு விழுங்குகூட இல்லை. மீட்டர்காரர் அதை வாங்கிக்கொண்டார். வாயில் வைத்தார். விழுங்கினார். மனைவி காலண்டரைப் படிப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டு, “இறங்கிச்சா?” என்று கேட்டார்.

‘ஆச்சு’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தண்ணீரைவிட அதை விழுங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. விழுங்கினார்.

“இன்னும் இல்ல. இரு” என்றார்.

இருந்தார்கள். இறங்கியது.

ஆறு ஸ்பூனுக்கு ஒரு கோப்பை என்ற கணக்கில் அன்றைய தாளில் முப்பத்தொரு டிக். மறுநாள் முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒட்டும் நட்சத்திரங்களில் ஒன்றை மனைவி அதில் ஒட்டினார். மீட்டர்காரர் வேலையில் சேர்ந்தது ஒரு வாரம் தள்ளித்தான். பூந்தொட்டியைக் காப்பாற்ற முடியவில்லை.

உங்களுக்கு அறுவைச் சிகிச்சை எதுவும் ஆகவில்லை, தொண்டை கம்பீரமாக இருக்கிறது, இந்தக் கதைக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று சிரிக்கிறீர்கள். நல்லது. காலையில் குடிப்பதற்காக எடுத்து வைத்தீர்களே ஒரு டம்ளர் தண்ணீர், அதைக் குடித்தீர்களா? பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.