ஓர் இழையும் வெட்ட மாட்டேன்

உக்கடம்,
ஆனி, 1994

அன்புள்ள மச்சினர் திருமூர்த்திக்கு,

அங்கப்பன் எழுதுவது. தாங்களும் தென்னைகளும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் அக்காவின் நலம் என்னைவிடத் தங்களுக்கே தெரியும், அங்கேதானே இருக்கிறாள்.

நான் அறிவியல் வாத்தியாராக இருந்தபோது அன்புச்செல்வி என்றொரு பிள்ளை கேட்டாள்: "ஏனுங்க சார், வயருக்குள்ள ஒரே கனத்த கம்பியா வெச்சா ஆகாதுங்களா? எதுக்குங்க இத்தனை மெல்லிசுக் கம்பி?" அவள் சடையையே காட்டினேன். "இது ஒரே தடிக் குச்சியா இருந்தா, நீ திரும்பறப்பெல்லாம் பக்கத்துல இருக்கறவ கண்ணைக் குத்தும் கண்ணு. இழை இழையா இருக்கறதாலதான் வளையுது."

அதே செம்பு இழைகளுக்காகத்தான் இன்று தனியாக உட்கார்ந்து பன் தின்கிறேன். புது கிரைண்டருக்கு பிளக் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் சுஃப்யான், வயர் நுனி பிளக்கின் துளைக்குள் நுழையவில்லை என்று பாதி இழைகளை வெட்டப்போனான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லா ஊட்டுலயும் இப்படித்தானுங்க சார் மாட்டறோம்."

"சப்பரம் தூக்கற ஆளுல பாதிப் பேரை ஊட்டுக்கு அனுப்பிப்போட்டா, மீதிப் பேருக்கு வேர்க்குமா, வேர்க்காதா? அந்த மாதிரி மிச்சக் கம்பி சூடாகும்ப்பா."

"அப்பச் சப்பரத்தை நீங்களே தூக்கிக்குங்க சார்" என்று வயரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நானும் திணித்துப் பார்த்தேன். இழைகள் நாலாபக்கமும் விரிந்துகொண்டு நுழைய மறுத்தன. கடைகளில் இதைவிடப் பெரிய துளையுள்ள பிளக் கிடையாதாம். ஊறிய அரிசி புளித்தது. அடுத்த ஞாயிறு நம் சண்முகப்ரியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள், மாவாட்ட வழியில்லை. "நாலு கம்பியை வெட்டுனாக் குடியா முழுகிப்போகும்?" என்றாள் உங்கள் அக்கா. நான் அசையவில்லை. "அப்ப அந்தக் கம்பியோடயே குடும்பம் நடத்துங்க" என்று மகளையும் கூட்டிக்கொண்டு கிணத்துக்கடவு பஸ் ஏறிவிட்டாள்.

தாங்களும், "வெட்டிப்போட்டு அக்காளைக் கூட்டிட்டுப் போங்க மாமா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். முடியாது. எதிர்வீட்டு சாஜிதா பேகத்தின் கிரைண்டர் பிளக் கருகிப்போய்விட்டது. பிரித்துப் பார்த்தேன், உள்ளே பாதி இழைதான். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொன்னதை ஒரு படி அரிசிக்காக மாற்றிச் சொல்ல மாட்டேன். பெண் பார்க்க வருகிறவர்களும் பன் தின்னட்டும்.

தங்கள் தோப்பில் மழை பெய்யட்டும், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
சற்றும் இறங்கிவராத
அங்கப்பன்

பி.கு.: இழைகள் நுழையாத விதத்தைத் தங்களுக்குப் படம் வரைந்து காட்டலாமென்று இப்போது வயரைக் கையில் எடுத்தேன். இருந்த கோபத்தில் நுனியை விரலால் இறுக்கி முறுக்கிவிட்டேன். அத்தனை இழையும் ஒன்றாகித் துளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சடையை வைத்துப் பாடம் நடத்தியவனுக்கு முறுக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. கிரைண்டர் ஓடுகிறது, அரிசியும் ஊறப்போட்டாயிற்று. இருவரையும் முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். ஓர் இழையும் வெட்டவில்லை என்று அக்காவிடம் சொல்லுங்கள். முறுக்கிய கதை நம்மோடு இருக்கட்டும். தங்கள் வீட்டு கிரைண்டர் பிளக்கையும் யாரோ இழையை வெட்டித்தான் மாட்டியிருப்பார். நாளை மாவாட்டி முடித்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துச் சூடு பாருங்கள்.